கரும்பலகையில் ஐந்து மணி

படகுக்காரர்கள் கரும்பலகையில் எழுதி மாட்டுவதை யூரிமாகுவாஸ் படகுத் துறையில் யாரும் படிப்பதில்லை. இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான், ஆனாலும் "இன்று மாலை ஐந்து மணி, கட்டாயம்" என்பதை எழுத்துக் கூட்டாமலே சொல்வேன். அறுபது வருடமாக அதே வரிதான். சரக்கு நிறைந்தால் படகு போகும், அவ்வளவுதான்.

அந்தப் புதன்கிழமை எனக்கு அவசரம். ஆற்றின் போக்கில் கீழே இருக்கும் புவெர்த்தோ ரொசாரியோவில் தம்பி ஆர்த்தேமியோவின் பேரனுக்கு மறுநாள் காலை ஞானஸ்நானம். பாதிரியார் வருடத்துக்கு ஒரு நாள்தான் வருவார். பதினொரு வருடமாக என்னோடு பேசாத தம்பி, என்னை ஞானத்தந்தையாக நிற்கக் கூப்பிட்டிருந்தான். வராவிட்டால் சாகும்வரை பேச்சில்லை என்றும் சொல்லி அனுப்பியிருந்தான்.

படகில் படுத்துப் போக என் தூளியைக் கட்டினேன். பக்கத்தில் யோஸ்ட் என்ற வெள்ளைக்காரன், நாற்பது வயது, தன் தூளியைக் கட்டிக்கொண்டிருந்தான். தரப்போட்டோவிலிருந்து வந்த பஸ்ஸிலேயே அவனைப் பார்த்திருந்தேன், எந்த ஊருக்குப் போகிறேன் என்றும் சொல்லியிருந்தேன். மண் சரிந்து பஸ் மூன்று மணி நேரம் நின்றபோது நாங்கள் டிரைவரைத் திட்டினோம், அவன் சேற்றைப் படம் பிடித்தான். விமானத்தில் போகக் காசு வைத்திருக்கிறான், ஆனால் மலிவாகப் போவதுதான் பயணமாம். நாங்களும் பிறந்ததிலிருந்து மலிவாகத்தான் போகிறோம். அதை யாரும் பயணம் என்றதில்லை, சனியன் என்றுதான் சொல்வோம்.

"ஐயா, அஞ்சு மணிக்குப் போயிடுமா?" என்று கேட்டான்.

"எந்த வருஷத்து அஞ்சு மணி?"

"பலகையில எழுதியிருக்கே."

"பலகையில என் பொண்டாட்டி பேர எழுதினா, ஓடிப்போனவ திரும்பி வந்துடுவாளா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் என்னவென்று புரியாமல் சேர்ந்து சிரித்தான்.

கேப்டன் ரெங்கிஃபோ மேலே நின்று கத்தினார்: "தண்ணி இறங்குது! மணல்திட்டு வெளிய வர்றதுக்குள்ள தாண்டணும். யாரும் எறங்காதீங்க!"

ரெங்கிஃபோ தன் பெயரைச் சொன்னாலே இன்னொருவரிடம் விசாரிப்பவன் நான். அரிசி மூட்டைகளில் பாதி இன்னும் கரையில் கிடந்தன. எப்படிப் பார்த்தாலும் இரவு பத்து மணிக்கு முன் நகராது, அப்போது கிளம்பினாலும் விடிகாலையில் ஊர் சேரலாம். இறங்கிச் சவரம் செய்துகொள்ளப் போனேன். குழந்தைக்கு வாங்கிய வெள்ளைச் சட்டை இருந்த பையை மறக்காமல் எடுத்துக்கொண்டேன். தூளியை யார் திருடப் போகிறார்கள்?

ஐந்தே முக்காலுக்குத் திரும்பினேன். படகைக் காணோம், அரிசி மூட்டைகள் மட்டும் இருந்தன. கரையில் ஆறு பேர் வாய் பிளந்து நின்றோம். ஆறு பேரும் உள்ளூர்க்காரர்கள்.

மறுநாள் விடிந்ததும் வெங்காயம் ஏற்றிய மோட்டார் தோணி ஒன்றில் தொற்றிக்கொண்டேன். பிற்பகல் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிரியார் கிளம்பியிருந்தார். தம்பி கரையிலேயே நின்றான்.

"சவரமெல்லாம் ஜோரா இருக்கு," என்றான். பதினொரு வருடத்தில் அவன் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

"படகு போயிடுச்சுடா."

"நேரத்துக்கா?"

"நேரத்துக்கு."

"அந்த வெள்ளைக்காரன் உன் தூளியத் தூக்கிட்டு இங்க எறங்கினான். நீ ஆத்துல விழுந்துட்டேன்னு அழுதான். எங்கண்ணன் விழமாட்டான், தண்ணி ஆழமான்னு மூணு பேர்கிட்டக் கேட்டிருப்பான்னேன்."

"ஞானத்தந்தையா பிள்ளைய யாரு ஏந்துனது?"

"பாதிரியாருக்கு அவசரம். அவன் அங்க சும்மா நின்னான்."

பின்னால் யோஸ்ட் வந்தான். அவன் தோளில், அவனுடைய சட்டையில் சுற்றப்பட்டு, குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவன் கண் மறுபடியும் நிறைந்தது.

"ஐயா, பலகையில எழுதியிருந்துச்சே," என்றான்.

தம்பி சிரிக்க ஆரம்பித்தான். கரையில் உட்கார்ந்து, தொடையில் தட்டி, மூச்சு வாங்கச் சிரித்தான். "ஒரு வாட்டி! வாழ்நாள்ல ஒரே ஒரு வாட்டி ரெங்கிஃபோ உண்மையச் சொன்னான், அன்னைக்கும் நீ நம்பல!" வீட்டுப் பெண்களும் வெளியே வந்து சிரித்தார்கள். நான் கொண்டுபோன வெள்ளைச் சட்டையைப் பையோடு தம்பி மருமகளிடம் நீட்டினேன். அவள் விரித்துப் பார்த்து, இது ஆறு மாதத்துக்கு முன்பு சரியாக இருந்திருக்கும் என்றாள். மறுபடியும் சிரிப்பு.

நான் தோணிப் பக்கம் திரும்பினேன். தம்பி என் சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினான்.

"எங்க போற? வந்து சாப்பிடு, அண்ணே."

அண்ணே என்றான். போய் உட்கார்ந்தேன். மீன் இன்றைக்குப் பிடித்ததுதானா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைத்தேன்.