சில்வஸ்டரைத் திருடனாக்கிய கதை

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இது கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகப் பிறந்தது.

என் அம்மா தெய்வம்மா, எமரால்டு பக்கம் அரசுப் பணத்தில் நடக்கும் குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்கிறாள். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள் என்பதால் எங்கள் லைன் வீடுகளில் இன்றும் அதற்குப் பிள்ளை மடுவம் என்றுதான் பெயர். கொழுந்து பறிக்கவும் கேரட் பிடுங்கவும் போகிறவர்களின் பிள்ளைகள் பதினான்கு பேர். முன்பெல்லாம் ஊட்டி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு சம்பளத்தைக் கையில் கொடுத்தார்கள். ஜூன் முதல் நேராக வங்கிக் கணக்கில் விழும் என்றார்கள். மற்ற ஆயாக்களுக்கு விழுந்தது. அம்மாவுக்கு மூன்று மாதமாக விழவில்லை.

நேற்று போனில் சொன்னாள்:

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கணும். நீதான் கதயெல்லாம் எழுதுறவளாச்சே, எழுதி அனுப்பு புள்ள. அந்த சில்வஸ்டரு பேரு, போன் நம்பரு எல்லாம் போட்டு எழுது. அவன் சீட்டக் கிழிக்கணும்."

நான் இருப்பது திருப்பூரில், பனியன் கம்பெனி ஹாஸ்டலில். வாரம் முழுக்க பீஸ் செக்கிங் செய்த விரல்கள் டைப் செய்ய மறுக்கின்றன. அதனால் போனிடம் பேசுகிறேன், அது எழுதிக்கொள்கிறது. (அடைப்புக்குறிகளை மட்டும் பிறகு கையால் போட்டேன். இலக்கியத்துக்கு அவ்வளவாவது உழைக்க வேண்டாமா?)

2

தொடக்கம் அ: "பனி மூடிய எமரால்டு அணைக்கரையில், கண்ணீருடன் ஒரு தாய்..." வேண்டாம். அம்மா அணைப்பக்கம் போய் வருஷக்கணக்காகிறது. போனாலும் சளி பிடிக்கும் என்று திரும்பிவிடுவாள்.

தொடக்கம் ஆ: "ஐயா, ஊட்டி காந்தலில் குடியிருக்கும் சில்வஸ்டர் என்பவர் என் தாயின் பணத்தை..."

அம்மா கேட்டது இதைத்தான். சில்வஸ்டர் அந்த ஊட்டி அலுவலகத்தில் ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். ஆயாக்களின் விவரங்களை வாங்கி ஏற்றியவர். அவருடைய திரையில் அம்மாவின் பெயருக்கு நேரே 'செலுத்தப்பட்டது' என்று இருக்கிறது. அம்மாவின் பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. இடையில் இருப்பது ஒரே ஆள். கதாசிரியருக்கு இதைவிட என்ன வேண்டும்? அவர் விரலில் ஒரு புது மோதிரம் போட்டேன். வாசலில் ஒரு பைக்கும் நிறுத்தினேன்.

கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்த ஷைனா குறுக்கிட்டாள். குன்னூர்க்காரி, என் அறைத்தோழி. (வாயால் எழுதுவதில் இதுதான் தொல்லை. முதல் வரைவு முடியும் முன்பே விமர்சகர் வந்துவிடுகிறார்.)

"ஏன்டி, அந்தாளு கையில மோதிரத்தப் பாத்தியா?"

"இல்ல."

"பைக்கு?"

"கதைக்கு வேணும்டி."

"திருடுனதையாச்சும் யாராவது பாத்தாங்களா?"

"லைன்ல எல்லாருந்தான் சொல்றாங்க."

"மொதல்ல சொன்னது யாரு?"

முதலில் சொன்னது

3

(மேலே உள்ள வாக்கியத்தை அப்படியே விட்டிருக்கிறேன். அரை மணி நேரம் அங்கேதான் நின்றேன்.)

முதலில் சொன்னது நான். ஆகஸ்டில் அம்மா போனில் அழுதபோது, எதையாவது சொல்லித் தேற்ற வேண்டுமே என்ற பதற்றத்தில், "அந்தக் கம்ப்யூட்டர்காரன் உன் கணக்குக்குப் பதிலா அவன் கணக்க ஏத்தியிருப்பான்மா" என்றேன். என் கதைகளை இதுவரை ஒருவரும் நம்பியதில்லை. இதை மட்டும் மொத்த லைனும் நம்பிவிட்டது.

வில்லனுக்கு வலுச்சேர்க்க, பணம் போகும் வழியை விவரிக்கலாம் என்று போனிலேயே தேடினேன். ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு இணைக்கப்பட்டதோ, அதில் போய் விழுமாம்.

கடைசியாக.

மே மாத லீவில், ஒரு வங்கிச் செயலியில் அம்மா பெயரில் கணக்குத் திறந்தேன். ஆள் சேர்த்துவிட்டால் எனக்கு இருநூறு ரூபாய் கூப்பன். சரிபார்ப்பதற்காக வீடியோவில் ஒருவர் வந்தார். அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு என் காதில் கேட்டாள்:

"பையன் வடக்கத்தியானா? சமைக்கத் தெரியுமான்னு கேளு."

கடைசியில் ஒரு கட்டம் வந்தது: அரசுப் பணமெல்லாம் இனி இந்தக் கணக்கிலேயே வரட்டுமா? படிக்காமல் டிக் போட்டேன்.* செல் நம்பரும் என்னுடையதுதான். அந்தச் செயலியிலிருந்து வந்த செய்திகளையெல்லாம் கடன் விளம்பரம் என்று நினைத்துச் சத்தத்தை அணைத்துவைத்திருந்தேன்.

இப்போது திறந்து பார்த்தேன். மூன்று மாதச் சம்பளமும் பைசா குறையாமல் உட்கார்ந்திருக்கிறது.

* எழுதுகிறவர்கள் மற்றவர் எழுதியதைப் படிப்பதில்லை என்பார்கள். நானும் அப்படித்தான்.

4

முடிவு அ: பணத்தைச் சத்தமில்லாமல் அம்மாவின் பழைய கணக்குக்கு அனுப்பிவிடுவது. லைனில் சிரிப்பார்கள். "மனுன்னதும் பயந்து போட்டுட்டான் பாரு" என்பார்கள். சில்வஸ்டர் பேர் போனது போனதுதான்.

முடிவு ஆ: கம்ப்யூட்டர் கோளாறு. கம்ப்யூட்டருக்கு மானம் கிடையாது, சண்டைக்கும் வராது.

ஷைனா மடித்த துணியை மறுபடி உதறினாள். "கூப்பன்ல என்னடி வாங்குன?"

"ஷாம்பு."

"ஒரு பாட்டிலு ஷாம்புக்கு ஒரு மனுசன் வேலயா?"

முடிவு இ-யை நான் யோசிக்கவேயில்லை. வேறு வழியில்லாமல் வந்தது.

5

மனுவை முதலிலிருந்து சொன்னேன்:

"ஐயா, என் தாயின் பணத்தை யாரும் எடுக்கவில்லை. அதை வேறு கணக்குக்குத் திருப்பியதும், பழியைச் சில்வஸ்டர் மேல் போட்டதும், தெய்வம்மாவின் மகள் ரஞ்சனி, அதாவது நான்."

இந்தக் கதையில் இதுவரை என் பெயர் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஏதோ உத்தி என்று நினைத்திருப்பீர்கள். வெறும் பயம்.

அம்மாவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. ரொம்ப நேரம் கழித்து ஒரு குரல் செய்தி, பின்னால் யாரோ ஒரு குழந்தையின் அழுகையோடு:

"எங்கிட்ட ஒண்ணும் பேசாத. மொத அந்தாளுகிட்ட சொல்லு."

மனுவில் போட அம்மா கொடுத்திருந்த நம்பரை ஷைனாவின் போனில் அடித்து, ஸ்பீக்கரில் வைத்தேன். என் போன் அதுபாட்டுக்குக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க, யாருங்க பேசறது?"

"எமரால்டு தெய்வம்மா பொண்ணுங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில். யாரையோ அடுப்பைக் குறைக்கச் சொல்கிறார்.

"அட, நானே உங்களக் கூப்புடலாம்னு இருந்தேனுங்க. அக்காவுக்குப் பணம் வந்துருச்சுங்களா?"

இதற்கு ஒரு பதில் எழுத வேண்டும். மனசுக்குள் மூன்று எழுதி அடித்துவிட்டேன். மூன்றிலும் நான் கொஞ்சம் நல்லவளாகத் தெரிகிறேன். நீங்கள் ஒன்று சொல்லுங்கள், சீக்கிரம். அவர் லைனில் இருக்கிறார்.