பின்பக்கத்திலிருந்து ஒரு தலைநகரம்

காரில் ஊரைச் சுற்றிக் காட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. நடந்து போகிறவருக்குக் கட்டடம் காத்திருக்கும். காரில் போகிறவருக்கு ஜன்னலில் தலைகாட்டிவிட்டு ஓடிவிடும். ஆகவே கதையை முன்கூட்டியே தொடங்கி, கட்டடம் கண்ணில் படும் நொடியில் அதன் பெயரில் வந்து நிற்க வேண்டும். சிவப்பு விளக்குகளுக்கென்று தனிக் கதைகள் கைவசம் இருக்க வேண்டும். கார் ஓட்டுவது என் அக்கா, வாய் ஓட்டுவது நான்.

அன்று பின் இருக்கையில் ஒருவர்தான்: பெரிய ஹோட்டல் ஒன்றின் பெண் மேலாளர். அவருக்குப் பிடித்துவிட்டால் வருடம் முழுக்க அந்த ஹோட்டல் விருந்தினர்கள் எங்கள் காரில்தான். பிடிக்காவிட்டால் அக்கா பழையபடி பள்ளி வேனுக்கும், நான் செல்போன் கடைக்கும் திரும்ப வேண்டியதுதான்.

பழைய நகரைச் சுற்றி ஒருவழிப் பாதை. ஆற்றங்கரை, கோட்டை வாசல், அரண்மனை, பாராளுமன்றம் என்று வரலாறு நடந்த வரிசையிலேயே கார் போகும். அன்று போக்குவரத்துக் காவலர் எதிர்த்திசையில் கை காட்டினார்.

"குழாய் வேலை நடக்குது. இன்னிக்கு மட்டும் இப்படித்தான். போங்க, போங்க!"

வாய்ப்பாடு போல மனப்பாடம் செய்திருந்தேனே! பழக்கதோஷத்தில் ஆரம்பித்தேன்.

"இடது பக்கம் பாருங்க மேடம். ஐநூறு வருஷமா அசையாம நிக்குது."

இடது பக்கம் ஒரு செருப்புக் கடை.

"ஆமா மேடம்," என்றாள் அக்கா. "ஐநூறு வருஷமா தள்ளுபடி."

மேலாளர் சிரிக்கவில்லை. செல்போனை எடுத்துப் பார்க்கத் தொடங்கினார். வலப்பக்கம் பாராளுமன்றம் வந்தது. அதற்கான என் பேச்சு, 'இவற்றின் விளைவாகத்தான்' என்று தொடங்கும். விளைவதற்கு இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை.

அக்கா வேகத்தைக் குறைத்தாள். "ஏன்டா, பழைய ஊரெல்லாம் அந்தப் பக்கம் கிடக்கு. இதை மட்டும் ஏன் இவ்ளோ தள்ளிக் கட்டினாங்க?"

அவளுக்குத் தெரியாததா? ஆனாலும் பதில் தானாக வந்தது. "முதல்ல சபை அரண்மனையிலதான் நடந்துச்சுக்கா. அது எரிஞ்சு போச்சு."

"எப்படி எரிஞ்சுது?"

இந்தக் குரல் பின்னாலிருந்து வந்தது. செல்போன் கைப்பைக்குள் போயிருந்தது.

வளைவு திரும்பினோம், அரண்மனையின் கரி படிந்த சுவர்கள் தெரிந்தன. "தீயை அணைக்க வந்த தண்ணி வண்டி, கோட்டைக்குள்ள நுழையவே முடியல மேடம்."

"ஏன்?"

"அடுத்து அந்த வாசல்தான் வருது, பாருங்க. ரெண்டு குதிரைக்கு மேல சேர்ந்தாப்ல வர முடியாது. எதிரி மொத்தமா புகுந்துடக் கூடாதுன்னு குறுக்கிக் கட்டிட்டாங்க. அது தண்ணி வண்டியையும் நிறுத்திடுச்சு."

"அப்படி எதிரிக்கு இந்த ஊர்ல என்ன வேலை?"

அக்கா ஆற்றங்கரையில் காரை நிறுத்தினாள். இறங்கிக் காட்டினேன். "இங்க முழங்கால் தண்ணிதான் மேடம். மத்த இடமெல்லாம் ஆழம். வண்டிங்க ஆத்தைக் கடக்க இந்த ஒரு இடம்தான் வழி. இதைப் பிடிச்சவன் எல்லாச் சரக்குக்கும் வரி வாங்கலாம்."

அவர் தண்ணீருக்கடியில் கிடந்த கூழாங்கற்களைக் குனிந்து பார்த்தார். "இவ்ளோ பெரிய ஊரு இந்தக் கல்லு மேலயா நிக்குது! எங்க விருந்தாளிங்களுக்கும் இப்படியே காட்டுங்க. கடைசியில இருந்து."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மறைப்பானேன்? "நாளைக்குப் பாதையைப் பழையபடி திருப்பிடுவாங்க மேடம்."

"ரிவர்ஸ் கியர்ல ஓட்டினா எனக்குக் கழுத்து போயிடும்," என்றாள் அக்கா. பிறகு சட்டென்று, "டேய், இதுக்கெல்லாம் பின்னாடி ஓடுற தெரு எப்பவுமே இன்னிக்குப் போன திசையிலதானே போகும்?"

"அங்க என்னக்கா இருக்கு? கழிவுக் குழாயும் குப்பைத் தொட்டியும்தான்."

மேலாளர் அதற்குள் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். "போய்த்தான் பார்ப்போமே. தம்பி, நீங்க பின்னாடி ஏறுங்க."

பாராளுமன்றத்துக்குப் பின்னால் புகைபோக்கிகள், ஜெனரேட்டர்கள். கட்டடம் எப்படி மூச்சு விடுகிறது என்று அப்போதுதான் பார்த்தேன். அரண்மனையின் பின்சுவர் வந்ததும் மேலாளர் கை நீட்டினார்.

"அங்க மட்டும் கல்லு ஏன் வேற நிறத்துல இருக்கு? ஒரு வண்டி நுழையற அகலத்துக்கு?"

நான் பார்த்ததே இல்லை. சுவரை இடித்து வண்டியை உள்ளே விடப் பார்த்திருப்பார்களோ?

"தெரியல மேடம்."

"அப்ப திங்கட்கிழமைக்குள்ள தெரிஞ்சு வைங்க. அன்னிக்குத்தான் முதல் விருந்தாளிங்க வர்றாங்க."

அக்கா நீளமாக ஹாரன் அடித்தாள். முன்னால் ஒரு வண்டிகூட இல்லை.