சாம்பலுக்குள் ஒரு டர்போ

தனபாலுக்கு உட்காரத் தெரியாது. மீனாட்சிபுரத்தில் அவன் பட்டறைக்கு வருகிறவர்கள் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். அவன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பான். பாதி டீ தரைக்குப் போகும். அப்படிப்பட்டவன், காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லாத வேலை ஒன்றைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

வேலையைக் கொண்டுவந்தவன் வண்டன்மேட்டில் ஜீப் ஓட்டும் சுடலைமணி. ஞாயிற்றுக்கிழமை அங்கே மலையேறும் ஜீப் பந்தயம். தன் பழைய டீசல் எஞ்சினுக்காக லாரி டர்போ ஒன்றைத் தேடிப் பிடித்திருந்தான். எஞ்சின் கக்கும் புகையாலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் தள்ளும் சக்கரம் அது. அந்தச் சக்கரத்தின் கூடு வார்ப்பிரும்பு. போல்ட் மாட்டும் காதுகள் உடைந்துபோயிருந்ததால், எஞ்சின் புகை வெளியேறும் ஸ்டீல் மேனிஃபோல்டு குழாயோடு அதை வெல்டு வைத்துத்தான் சேர்க்க வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு பட்டறைக்காரர், "வார்ப்பும் ஸ்டீலும் மாமியா மருமக மாதிரிங்க, ஒரே ஊட்டுல நிக்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

"நிக்க வெச்சுக் காட்டறேன் தம்பி" என்றான் தனபால். இன்னொரு கூடு கிடைக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, கூட்டை வறட்டிக் கங்கில் வைத்து நன்றாகச் சூடேற்றினான். நிக்கல் வெல்டிங் ராடால் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வெல்டுத் தையல், உடனே சின்னச் சுத்தியலால் தட்டல், பிறகு எதிர்ப்பக்கம் ஒரு தையல். முடிந்ததும் சூடு இறங்குமுன் டிரம்மில் இருந்த சுடுசாம்பலுக்குள் புதைத்து, தகரத்தால் மூடிக் கல்லை வைத்தான். இனிச் சாயங்காலம் வரை அது மெல்ல ஆற வேண்டும். அவசரப்பட்டால் 'டிங்'கென்று ஒரே ஒரு சத்தம் வரும், வார்ப்பிரும்பு விரிசல் விட்டுவிடும்.

"தகரத்தை ஒருத்தரும் தொறக்கக் கூடாது" என்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினான்.

"ஏனுங்க, அதை எங்ககிட்ட எதுக்குச் சொல்றீங்க?" என்றாள் மனைவி செல்வப்பிரியா. "தோசை வேகறதுக்குள்ள சட்டியத் தொறந்து தொறந்து பாக்கறது ஆருங்க? நீங்க மொதல்ல வண்டிய எடுத்துட்டு எங்காச்சும் போங்க."

பக்கத்து ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் போனான். வேண்டாத சாமான்களை விலை கேட்டான். சுடலைமணி போனில் வந்தான்.

"அண்ணே, தொறந்துட்டீயளா?"

"தொறந்தா போச்சு தம்பி."

"ஒரு ஓரமா எட்டிப் பாக்கலாம்லா?"

"கோழி அடையில இருக்கறப்ப முட்டைய ஒடச்சா பாப்ப? வையி போன."

மதியம் வரைதான் தாங்கினான். திரும்பி வந்தால், தகரத்தின் மேல் ஈரம். டிரம்மின் ஒரு பக்கமாகச் சாம்பல் கரைந்து வழிந்திருந்தது. அவன் அம்மா சுப்பாத்தாள் காலிக் குடத்தோடு பெருமையாக நின்றாள்.

"காத்து என்னமா அடிக்குது பாரு! உள்ளயிருந்து பொகை. ஒரு கங்கு பறந்து வைக்கப்போருல உளுந்திருந்தா? நல்லவேளை நான் பாத்தேன்."

"தொறக்காதீங்கன்னு சொன்னனே அம்மா!"

"ஆருடா தொறந்தா? மேலதான ஊத்துனேன்."

கார்த்திகை பிறந்தால் கணவாய் வழியாக வரும் காற்று கூரைகளைப் பிடித்து உலுக்கும் ஊர் அது. அங்கே அடுப்புச் சாம்பலைக்கூடத் தண்ணீர் தெளிக்காமல் யாரும் வெளியே கொட்டுவதில்லை. அவளைத் திட்ட அவனுக்கு வாய் வரவில்லை.

"டிங்னு சத்தம் ஏதாச்சும் கேட்டுதுங்களா?"

"சுர்ருன்னுச்சு. இந்தக் காத்துல வேறென்ன கேக்கும்?"

விரிசல் விழுந்ததா என்று அறியத் திறக்க வேண்டும். விழாமல் இருந்தால், திறப்பதே விரிசலாகிவிடும். தனபால் டிரம்மைச் சுற்றிச் சுற்றி நடந்தான். தொழுவத்து மாடுகள் அசைபோடுவதை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தன.

சாயங்காலம் சுடலைமணி ஜீப்போடு வந்து இறங்கினான். கூட்டை வெளியே எடுத்து, தையல்மேல் மண்ணெண்ணெய் தடவித் துடைத்துச் சாக்பீஸ் பொடி பூசினார்கள். விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த எண்ணெய் மேலே கசியும். பொடி வெள்ளையாகவே இருந்தது. பிறகு, தண்ணீர் வழிந்த பக்கம், நக அளவுக்கு ஒரு கோடு மெல்லக் கறுத்தது.

"இம்புட்டுத்தானா? ஒரு நா ஓட்டந்தானண்ணே, தாங்கிரும்" என்றான் சுடலைமணி.

தனபாலின் கால்களும் அதையே சொல்லின. மாட்டி அனுப்பிவிட்டால் இந்தப் பரபரப்பு இத்தோடு முடிந்தது.

"ஏத்தத்துல பாதில இது விரிசல் விட்டு எஞ்சின் வலு போச்சுன்னா வண்டி எங்க போகும்?"

"பின்னால."

"பின்னால என்ன இருக்குது?"

"பள்ளந்தாண்ணே" என்று சுடலைமணி ஜீப் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

கோட்டின் முனையில், அது மேலும் ஓடாதபடி, சின்னத் துளை ஒன்று போட்டான். விரிசலைக் கடைந்தெடுத்தான். மறுபடி கங்கு, தையல், தட்டல். டிரம்மைக் காற்றுப் படாத சுவர்மறைவுக்கு நகர்த்திப் புதைத்தான். "காலைலதான் தம்பி."

இந்த முறை சுப்பாத்தாளே மாடு ஓட்டும் குச்சியோடு காவலுக்கு உட்கார்ந்தாள். சுடலைமணி கிட்டே வந்தால், "அக்கட்டால போ சாமி." மகன் வந்தால் குச்சிதான் பேசியது.

சனிக்கிழமை காலை பொடி வெள்ளையாகவே நின்றது. மாட்டி முடுக்கியதும் டர்போ விசில் அடித்தது. சுடலைமணி துள்ளிக் குதித்தான். தனபால் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

வண்டன்மேட்டுக்குப் போகும் வழியில், கம்பம்மெட்டு ஏற்றத்தில் வளைவுக்கு வளைவு, "நிறுத்து" என்றான். பானட்டைத் திறந்து காதை வைத்துக் கேட்டான்.

"இன்னும் எத்தன தடவைண்ணே?"

"உன்ற பந்தயம் முடியட்டும்" என்றான் தனபால், பானட்டை மூடாமலே.