ஒரு பாயிண்ட்

பிசியோக்காரர் என் கணவரின் இடது காலை மடக்கி நீட்டிக்கொண்டே, போகிற போக்கில் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "அண்ணே, லீக்ல பழைய சீசன் புள்ளிப் பட்டியல் எல்லாத்தையும் நெட்ல ஏத்திட்டாங்களாம். நீங்க ஆடின வருஷமும் இருக்கும், பாருங்க." சொன்னவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மாட்டிக்கொண்டது நான்.

எனக்குக் கால்பந்து என்றால் எட்டிக்காய். ஏன் இருக்காது? இவர் வேலை பார்த்த கம்பெனி டீமுக்குக் கோல்கீப்பர், இரண்டாவது டிவிஷன், ஊரில் நாலு பேருக்குக்கூடத் தெரியாத லீக். பெனால்டியைப் பாய்ந்து தட்டினார். பந்து நழுவி எதிரே ஓடியது. மறுபடி பாய்ந்து அமுக்கினார். ஓடிவந்தவனின் முட்டி பிடரியில் இறங்கியது. அன்றோடு கழுத்துக்குக் கீழே எதுவும் அவர் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஆட்டம் டிரா. டீமுக்கு ஒரு பாயிண்ட். அந்த ஒரு பாயிண்டால்தான் கீழ் டிவிஷனுக்கு இறங்காமல் தப்பித்தோம் என்று கேப்டன் ஆஸ்பத்திரிக்கு வந்து இவர் தலையைத் தடவிச் சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து யார் வந்தாலும் ஒரே பாட்டு. "கை கால் போச்சு, பாயிண்ட் போகல!" சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் அவர் அதைச் சொல்லாத நாட்களுக்குத்தான் நான் பயப்படுவேன். அந்த நாட்களில் வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், கெஞ்சினாலும் திட்டினாலும் ஒரு வாய் இறங்காது. அதற்கு நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். ஸ்பூனைப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, அந்தப் பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாய்ஞ்சீங்க?" என்பேன். "வலது பக்கம்டி, எத்தனை தடவ சொல்றது" என்று வாய் திறக்கும். உள்ளே தள்ளிவிடுவேன். இப்படித்தான் எங்கள் வண்டி ஓடுகிறது.

தையல் மிஷினை நிறுத்திவிட்டு போனை எடுத்தேன். தேடி அந்த சீசனைத் திறந்தேன். பத்து டீம், கடைசி இரண்டும் இறங்கும் என்பது எனக்கே மனப்பாடம். பட்டியலில் ஒன்பதுதான் இருந்தன. கண்ணில் விளக்கெண்ணெயை விட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தேன். எங்கள் கம்பெனி பெயர் இல்லை. அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அணி பாதியில் விலகிக்கொண்டது, அது ஆடிய ஆட்டங்கள் அனைத்தும் ரத்து, எந்தப் புள்ளியும் கணக்கில் இல்லை.

அடப்பாவிகளா! அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேப்டனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, டீம் பாதியில விலகிடுச்சாமே?"

கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "அவன் விழுந்த கொஞ்ச நாள்லயே கம்பெனி கைய விரிச்சிடுச்சும்மா. டீமே வேணாம்னுட்டாங்க."

"அப்ப தப்பிச்சோம்னு சொன்னீங்களே?"

"அவன் கிடந்த கிடைக்கு வேற என்னத்தம்மா சொல்லுவேன்?"

எனக்கு ஆத்திரம் பொங்கியது. ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பட்டியல்படி அந்த ஆட்டம் நடக்கவே இல்லையாம். நடக்காத ஆட்டத்தில் என் புருஷன் எப்படி விழுந்தார் என்று யாரிடம் போய்க் கேட்பது?

"என்னடி போட்டிருக்கான்?" உள்ளேயிருந்து குரல்.

தட்டில் சாப்பாட்டைப் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். "எட்டாவது இடம். தப்பிச்சிட்டீங்க" என்றேன் வாய் கூசாமல்.

முகம் அப்படியே மலர்ந்தது. "கோல் எத்தன வாங்கியிருக்கோம்?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "இருபத்தஞ்சு" என்று அடித்துவிட்டேன்.

"நான் இருந்தவரைக்கும் ஒம்பதுதான். எனக்குப் பதிலா நின்னவன் வாரி வழங்கியிருக்கான் பாரு!" என்று சிரித்தார். நாளெல்லாம் அப்படியே சிரித்துக்கொண்டிருந்தால் எனக்கு அது போதும். "காட்டு, நானும் ஒரு தடவ பாக்குறேன்."

"சாப்பிட்டுப் பாக்கலாம்."

"காட்டுடி."

போனை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன். கட்டைவிரலை அந்தப் பொடி எழுத்தின் மேல் வைத்துக்கொண்டேன். பெயர்களை ஒவ்வொன்றாக உதட்டுக்குள் படித்துக்கொண்டு வந்தார். ஒன்பதாவதில் நின்று, மறுபடி மேலேயிருந்து தொடங்கினார். பட்டியலின் முடிவுக்கு வந்ததும் கண்கள் என் விரலிடம் வந்து நின்றன.

"விரல எடு."

"நெட்டு சரியில்லங்க, அரைகுறையா வருது."

"எடும்மா."

எடுத்தேன். அந்த ஒரு வரியைப் படிக்க இவ்வளவு நேரமா? போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தட்டை எடுத்து, ஸ்பூனை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

"ஏங்க, அந்தப் பெனால்டிக்கு எந்தப் பக்கம் பாய்ஞ்சீங்க?"

படுத்தபடியே தெருவைப் பார்க்க வசதியாக ஜன்னல் கம்பியில் நான் கட்டிவைத்திருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஒட்டிக்கிடந்தன. "எந்தப் பக்கம்ங்க?" என்றேன் மறுபடியும். ஸ்பூனிலிருந்து சொட்டியது அவர் தாடையில் வழிந்தது. துடைக்காமல் ஸ்பூனை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.