பியூஸ் கட்டை மண்ணில் செய்த தட்டுகள்

விருத்தாசலம் உணவுத் திருவிழாவின் இரண்டாம் ஆண்டில், மூன்று நாட்களில் நாற்பத்தொரு முறை கரண்ட் போனது. நாற்பத்தொரு முறையும் மைதானத்தில் யாரோ ஒருவர் சாப்பாட்டைப் பற்றிப் பொய் சொல்லியிருந்தார். லைன்மேன் பச்சமுத்து மூன்று கம்பங்களில் ஏறி இறங்கினார். கம்பியில் குறை இல்லை, டிரான்ஸ்பார்மரில் குறை இல்லை. வாடகைக்கு எடுத்த ஜெனரேட்டரும் அதே நொடியில் நின்றது, அரை நிமிஷம் கழித்துத் தானாக ஓடியது. குறை தட்டில் இருக்கிறது என்று கமிட்டி முடிவு செய்தது. தட்டைச் செய்த அருளானந்தம், தட்டில் குறையே இல்லை, அதுதான் விஷயம் என்று இன்றுவரை சொல்கிறார்.

அருளானந்தம் இருபத்துநான்கு வருஷமாக ஊரின் பீங்கான் பட்டறை ஒன்றில் பியூஸ் கட்டை செய்கிறவர். திருவிழாவின் முதலாம் ஆண்டு, மனைவி அருள்மேரியோடு போனார். முப்பத்தெட்டுக் கடைகள். மீன் குழம்பு வாங்கினார். காகிதத் தட்டு நனைந்து தொய்ந்து, குழம்பு அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. வாசலில் கருத்து எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். அதில் நூற்றுப்பன்னிரண்டு பேர் 'மிக அருமை' என்று எழுதியிருந்தார்கள், மூன்று இடங்களில் ஒரே கையெழுத்து. அருளானந்தம் கறை படிந்த சட்டையோடு நின்று, 'பீங்கான் சுடுகிற ஊரில் காகிதத் தட்டு. கேவலம்' என்று எழுதி, கீழே பெயரும் போன் நம்பரும் போட்டார். அடுத்த வாரம் கமிட்டிச் செயலாளர் சாமிதுரை நோட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டார். பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர்.

"கேவலம்னு எழுதிட்ட, அருளு. சரி, நீயே செஞ்சு குடு."

"எனக்கு பியூஸ் கட்டைதாங்க தெரியும்."

"அதையே நசுக்கி வையி. தட்டாயிடும்."

தட்டுக்கு வேறு கலவை வேண்டும், பியூஸ் கட்டையின் மண் கரண்டைத் தடுக்கச் சேர்த்த மண் என்று பட்டறையில் எல்லோரும் சொன்னார்கள். அருளானந்தம் கேட்கவில்லை. தன் கைக்குப் பழகிய மண்ணைத் தவிர வேறு மண்ணை அவர் நம்புவதில்லை. முதலாளி சூளையில் அடிவரிசையை விட்டுக்கொடுத்தார். பத்து மாதத்தில் எண்ணூறு தட்டுகள். வெந்து வந்த ஒவ்வொரு தட்டையும், பியூஸ் கட்டையை எப்படிச் சோதிப்பாரோ அப்படியே, மேஜையில் வைத்து இரண்டாயிரம் வோல்ட் கொடுத்துப் பார்த்தார். கரண்ட் கசிந்ததை அங்கேயே உடைத்தார். சோற்றுத் தட்டை எவனும் இப்படிச் சோதித்ததில்லை என்று பட்டறையில் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார். தட்டு ஒவ்வொன்றும் முக்கால் கிலோ. அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று சாப்பிட முடியாது என்பதால் கமிட்டி பெஞ்சு போட்டது. திருவிழாவில் நடந்த முதல் முன்னேற்றம் அதுதான்.

இரண்டாம் ஆண்டு, முதல் நாள் மாலை ஆறு மணிக்கு, சாமிதுரை தன் மைத்துனர் கடையில் பரோட்டாவைப் பிய்த்து வாயில் போட்டு, பஞ்சு மாதிரி இருக்கிறது என்றார். கரண்ட் போனது. சென்னையிலிருந்து வந்திருந்த நிலவன் என்ற யூடியூபர் கடை கடையாக 'வேற லெவல்' என்று சொல்லிக்கொண்டே போனார். அவர் போன வழியெல்லாம் ஒன்பது முறை இருட்டானது. இரண்டாம் நாள், பதினேழாவது முறை கரண்ட் போனபோதுதான் காரணம் தெரிந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பிரியாணிக் கடை ஜுலைகா. ஷார்ஜாவிலிருந்து அவருடைய கணவர் சம்சுதீன் வீடியோவில் வந்தார். ஜுலைகா தட்டைப் போனுக்கு நேராகக் காட்டினார். "மாஷா அல்லா, என்னா ருசி" என்றார் சம்சுதீன். மைதானம் இருண்டது. ஜுலைகா அந்த அரை நிமிஷத்தை யோசிப்பதற்கு எடுத்துக்கொண்டார்.

"இவரு சாப்புடவே இல்ல" என்றார், விளக்கு வந்ததும். "ருசி எப்படித் தெரிஞ்சுது?"

பிறகு சோதித்துப் பார்த்தார்கள். காகிதத் தட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு புளுகினாலும் ஒன்றும் ஆகவில்லை. அருளானந்தத்தின் தட்டு எதிரே இருந்தால், உப்பு கரிக்கிறது என்று சொன்ன ஆளுக்கு விளக்கு எரிந்தது, அமிர்தம் என்ற ஆளுக்கு அணைந்தது. ஒரு மணி நேரத்தில் விஷயம் கருவேப்பிலங்குறிச்சி வரை போய்விட்டது. அருளானந்தம் தோளை நிமிர்த்திக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார். கரண்டை மட்டுமல்ல, எதையும் கசியவிடாத மண் என்று பச்சமுத்துவிடம் சொன்னார். கம்பத்திலிருந்து இறங்கிய பச்சமுத்து ஏணியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கம்பத்துக்குப் போனார்.

அந்தப் பெருமையோடுதான் அவர் மனைவியின் கடைக்குப் போனார். அருள்மேரி மங்களூர்க்காரர். அவர் வைத்திருந்தது பச்சை முந்திரிக் குழம்பு ஒன்றுதான். காயாக இருக்கும்போதே முந்திரிக்கொட்டையை அரிந்து பருப்பை எடுக்க வேண்டும். கொட்டையின் பால் பட்டால் விரல் வெந்து தோல் உரியும். மூன்று நாள் கடைக்காக ஒரு வாரம் அரிந்து, அவருடைய பத்து விரலும் பாம்புச் சட்டை மாதிரி ஆகியிருந்தன. மாதா கோயில் தேர்த் திருவிழாவுக்கு இருநூறு பேருக்கு இந்தக் குழம்பை வைக்கிறவர். அருளானந்தம் தட்டை வாங்கி, ஒரு வாய் சாப்பிட்டு, இருபத்திரண்டு வருஷமாகச் சொல்வதைச் சொன்னார். "நல்லாருக்கு."

கரண்ட் போனது. அது இருபத்துமூன்றாவது முறை. கரண்ட் போனால் என்ன அர்த்தம் என்பது இதற்குள் மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இருட்டில் யாரோ சிரித்தார்கள். விளக்கு வந்தபோது அருள்மேரி கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். குழம்பை மூடினார், அடுப்பை அணைத்தார், கடையைக் கட்டினார். தான் சொன்னது பொய் என்பது அந்த நிமிஷம் வரை அருளானந்தத்துக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்துதான் அருள்மேரி கேட்டார். "குழம்புல என்னாங்க குறை?"

"சோம்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது."

"எப்பலேருந்து?"

அருளானந்தம் யோசித்துப் பார்த்தார். "கல்யாணமான மொத வாரத்துலேருந்து."

"மொத வாரம் ஒரு சிட்டிகைதான் போட்டேன். எங்க வூட்ல அதுகூடப் போட மாட்டாங்க. நீங்க நல்லாருக்குன்னீங்களேன்னு ரெண்டு சிட்டிகை போட்டேன். இப்ப ஒரு கைப்பிடி போடறேன்."

கடைசி நாள் கமிட்டி கூடியது. காகிதத் தட்டுக்கே திரும்பிவிடலாம் என்றார் சாமிதுரை. மைத்துனர் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். எண்ணூறு தட்டையும் பட்டறைக்கே எடுத்துப் போகச் சொன்னார்கள். அருளானந்தம் எழுந்தார். அப்போது ஜுலைகா, "இருங்கண்ணே" என்று அவரை உட்காரச் சொல்லிவிட்டு, செயலாளரைப் பார்த்தார்.

"பொய் சொன்னாதானே கரண்ட் போவுது. பொய் சொல்லாம சாப்புடச் சொல்லுங்க. அரிசி கொழஞ்சிருக்குதுன்னு எங்கிட்ட எட்டுப் பேரு சொன்னாங்க. நோட்டுல ஒருத்தரும் எழுதல."

தட்டு நிலைத்தது. 'தட்டு முன்னால் உண்மை பேசவும்' என்று வாசலில் போர்டு வைப்பதென்றும், நோட்டு இனி வேண்டாமென்றும், மேடையில் சிறப்பு விருந்தினருக்கு மட்டும் காகிதத் தட்டு என்றும் தீர்மானம் எழுதினார்கள்.

அடுத்த ஒரு வருஷம் அருள்மேரி எல்லாம் சமைத்தார், பச்சை முந்திரிக் குழம்பைத் தவிர. எண்ணூறில் ஒரு தட்டை எடுத்து வந்து, தினமும் அதில்தான் கணவருக்குப் போட்டார். மைதானத்தில் பொய் சொன்னால் மைதானம் முழுக்கக் கரண்ட் போகும், வீட்டில் சொன்னால் அந்த வீட்டுக்கு மட்டும் போகும். முதல் மாதம் பதினாறு நாள் இருட்டில் சாப்பிட்டார்கள். எதிர்வீட்டு செல்வநாயகி ஜன்னல் வழியாகப் பார்த்து, அண்ணன் இன்னைக்கும் ஏதோ பாராட்டிட்டாரு என்று தன் பிள்ளைகளிடம் சொல்வார். இரண்டாவது மாதம் அருளானந்தம் வாயே திறக்கவில்லை. மூன்றாவது மாதம், ரசத்தில் புளி கூட என்றார். விளக்கு எரிந்தது. மறுநாள் ரசத்தில் புளி சரியாக இருந்தது. இப்படி ஒவ்வொன்றாக, தை மாதத்துக்குள் அந்த வீட்டில் இட்லியிலிருந்து கருவாட்டுக் குழம்பு வரை எல்லாம் வேறு ருசிக்கு மாறிவிட்டது. அருளானந்தத்துக்கு உடம்பு இரண்டு கிலோ கூடியது. ஆனாலும் அருள்மேரி அந்தக் குழம்பை வைக்கவில்லை. கணவர் கேட்டபோது ஒரே ஒரு பதில்தான் வந்தது. "எங்க வெளக்க அணைச்சீங்களோ அங்கதான் வைப்பேன். இந்தத் தடவையும் போச்சுன்னா, அதுக்கப்புறம் தேர்த் திருவிழாவுக்குக்கூட வைக்க மாட்டேன்."

மூன்றாம் ஆண்டு திருவிழாவுக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தனி பஸ் விட்டார்கள். பரோட்டாக்காரர் மாவை ஊறவைக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஜுலைகாவின் பிரியாணியில் அரிசி அரிசியாக நின்றது. நிலவன் மறுபடி வந்து, ஒவ்வொரு கடையிலும் நெடுநேரம் மென்று, ஜுலைகா கடையில் மட்டும் "பரவாயில்ல" என்றார். அங்கே வரிசை வாசல் வரை நின்றது. விருத்தாசலத்தில் அதற்குப் பிறகு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. பெண் பார்க்க வருகிறவர்களுக்கு வைக்கச் சிலர் தட்டை இரவல் கேட்டார்கள். கல்யாணக் காரியத்துக்கு மட்டும் கொடுப்பதில்லை என்று அருளானந்தம் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

இரண்டாம் நாள் மாலை ஏழு மணிக்கு அவர் மனைவியின் கடை வரிசையில் நின்றார். முன்னால் பதினொரு பேர். பச்சை முந்திரியின் வாசனை வந்தது. மனைவியின் விரல்களைப் பார்த்தார். தோல் இந்த வருஷமும் உரிந்திருந்தது. முன்னால் நின்றவர்கள் சாப்பிட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை. பேசாமல் தின்றுவிட்டுப் போய்விடலாம், ஊமைக்குக் கரண்ட் போகாது என்று நினைத்தார். அது பொய் சொல்வதைவிடக் கேவலம் என்றும் நினைத்தார். அவர் முறை வந்தது. ஜுலைகா போனை எடுத்து, டார்ச்சு மேல் விரலை வைத்துக்கொண்டார். கம்பத்தடியில் பீடி பற்றவைக்கப் போன பச்சமுத்து அதைக் காதில் செருகிக்கொண்டு ஏணியைப் பிடித்தார்.

அருளானந்தம் ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். அருள்மேரி கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லுங்க."

"சோம்பு போடல."

"போடல."

"உப்பு அரைக்கல்லு கம்மி."

"ம்."

"நல்லாருக்குது, மேரி."

தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றி ஈசல் பறந்துகொண்டிருந்தது. ஜுலைகா போனை இடுப்பில் செருகினார். பச்சமுத்து காதிலிருந்து பீடியை எடுத்தார். அருள்மேரி குழம்பில் ஒரு கல் உப்பைப் போட்டுக் கலக்கிவிட்டு, அடுத்த தட்டை எடுத்து, "யாரு, வாங்க" என்றார்.

அன்றைக்கு மைதானத்தில் இரண்டு முறை கரண்ட் போனது. இரண்டும் வேறு கடைகள்.