முப்பத்தோரு சங்கங்களின் முதல் வாக்கெடுப்பு

அஜீசுன்னிசாவுக்கு நாற்பத்து மூன்று வயது. ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்கு ஆவணம் தயாரித்துக் கொடுக்கும் ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் வேலை. மூன்று வயதில் வந்த போலியோவால் இடது கால் சூம்பிவிட்டது. காலிப்பர் என்ற இரும்புச் சட்டத்தைக் காலில் மாட்டி, கக்கத்தில் ஒரு கட்டையை ஊன்றி நடப்பாள். தண்டையார்பேட்டையில் நாற்பது பேரை வைத்துக்கொண்டு மாற்றுத்திறனாளிகள் சங்கம் நடத்தி வந்தவள், இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெரிய காரியம் ஒன்றில் இறங்கினாள். மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடந்த சங்கங்களை ஒரே கூட்டமைப்பாகச் சேர்ப்பது.

காரணம் எளியது. பார்வையற்றோர் ஒரு நாள் மறியல் செய்வார்கள். காது கேளாதோர் வேறொரு நாள் மனு கொடுப்பார்கள். அதிகாரிகள் ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனியாக உள்ளே கூப்பிட்டு, தனித்தனியாக ஒரு வாக்குறுதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எல்லோரும் ஒரே கோரிக்கையோடு போனால் அப்படி அனுப்ப முடியாது என்று அவள் நினைத்தாள்.

சனிக்கிழமைகளில் ரயிலேறினாள். தருமபுரியில் நான்கு மணி நேரம் காக்க வைத்தார்கள். நாகர்கோவிலில், எந்தக் கட்சி அனுப்பியது என்று கேட்டார்கள். மதுரையில் கருணாகரன் கிடைத்தார். வங்கி ஊழியர், பிறவியிலேயே பார்வையில்லாதவர், பார்வையற்ற பட்டதாரிகள் சங்கத் தலைவர். இது நடக்காது என்று இருபது நிமிஷம் வாதாடினார். பிறகு, இதுவரை ஒத்துக்கொண்டவர்களின் பெயர்களைச் சொல்லச் சொல்லி, ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அங்கிருந்தபடியே போன் போட ஆரம்பித்தார். இரண்டு வருஷத்தில் முப்பத்தோரு சங்கங்கள் தலையாட்டின.

முதல் கூட்டம் ராயபுரத்தில் என்று முடிவாயிற்று. பார்த்த மூன்று மண்டபங்கள் மாடியில் இருந்தன. நாலாவதாகத் தேவாலயத்துக்குப் பக்கத்துக் கூடம் தரைமட்டத்தில் கிடைத்தது. கண்டெய்னர் லாரிப் புழுதிக்கு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். முதல் வருஷத்துக்கு ஒரே ஒரு கோரிக்கையைத் தேர்ந்தெடுப்பதுதான் அன்றைய வேலை. சங்கத்துக்கு ஓர் ஓட்டு. பாதிக்கு மேல் வாங்கியது தீர்மானம்.

இரண்டு கோரிக்கைகள் போட்டியில் இருந்தன. எல்லா மாவட்டங்களிலும் தாழ்தளப் பேருந்து என்பது அஜீசுன்னிசாவுடையது. பேருந்துப் படி அவள் முழங்காலுக்கு மேல் இருக்கும். அவள் ஏறி முடிக்கும்வரை எந்த ஓட்டுநரும் காத்திருப்பதில்லை. இன்னொன்றைக் கொண்டுவந்தவள் எண்ணூர் ஹில்டா, அறிவுசார் குறைபாடுள்ளவர்களின் பெற்றோர் சங்கத்துக்காரி. பதினெட்டு வயது தாண்டியவர்களுக்குத் தாலுகாவுக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு இல்லம் வேண்டும் என்றாள். அவள் மகனுக்கு இருபத்தாறு வயது. பள்ளிக்கூடம் முடிந்த பிறகு அவனுக்குப் போக இடமில்லை. விடியற்காலையில் அவனை உள்ளே வைத்து வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத்தான் மீன் எடுக்கக் காசிமேட்டுக்குப் போகிறாள்.

சைகை மொழிபெயர்ப்பாளர் பாலகணேஷ் முன்கூட்டியே சொல்லியிருந்தார், மதியம் நீதிமன்றத்தில் காது கேளாத பெண் ஒருத்தியின் சாட்சியத்துக்குப் போக வேண்டும் என்று. அதற்குள் முடிந்துவிடும் என்று அஜீசுன்னிசா கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் காலையில் அறிமுகத்துக்கு எழுந்தவர்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் பேசினார்கள். சாப்பாடு முடியும்போது மணி இரண்டு. பாலகணேஷ் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

"நீ கெளம்புப்பா, லேட்டாவப் போவுது," என்றாள் அஜீசுன்னிசா. "நாங்க போர்டுல எழுதி சமாளிச்சிக்கிறோம்."

கொஞ்ச நேரம் எழுதினார்கள். பிறகு விவாதம் சூடேறியது. எழுதுகிறவரே சாக்பீஸை வைத்துவிட்டுப் பேசப் போய்விட்டார். ஹில்டா பேசியதும் அப்போதுதான். அவள் தாழ்ப்பாளைப் பற்றிச் சொன்னபோது கூடம் அமைதியானது. மூன்றாவது வரிசையில் இருந்த காது கேளாதோர் சங்கங்கள் நான்கின் ஆட்களும் அவள் வாயசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கை தூக்கச் சொன்னார்கள். அஜீசுன்னிசா எண்ணினாள். பேருந்துக்குப் பதினெட்டு, இல்லத்துக்குப் பதின்மூன்று. அவள் எண்ணிக்கையைச் சொல்ல, கருணாகரன் மைக்கில் அறிவித்தார். கை தட்டினார்கள். அவளுக்கு உடம்பு லேசானது போலிருந்தது. ஹில்டா நாற்காலியை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு டீ எடுக்கப் போனாள்.

டீ நேரத்தில் செங்கொடி வந்தாள். மணலி புதுநகர்க்காரி, ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் தையல் வேலை, அந்த நான்கு சங்கங்களில் ஒன்றின் செயலாளர். போனில் எதையோ தட்டி அஜீசுன்னிசாவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நாங்கள் எதற்குக் கை தூக்கினோம்?"

அஜீசுன்னிசா இரண்டு தடவை படித்தாள். பிறகு அதே போனை வாங்கி, தெரியாமல் ஏன் தூக்கினீர்கள் என்று எழுதிக் கேட்டாள். முன்வரிசையில் தூக்கினார்கள், நாங்களும் தூக்கினோம், அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறிக்கிறீர்கள் என்று நினைத்தோம் என்று பதில் வந்தது. செங்கொடியின் முகத்தில் கோபம் இல்லை. இதெல்லாம் பழகிப்போனவள் போல நின்றாள். அஜீசுன்னிசாவுக்கு அது கோபத்தைவிடச் சங்கடமாக இருந்தது.

கருணாகரனைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வாக்கெடுப்பைக் கலைத்துவிட்டு மறுபடி எடுக்கலாம் என்றாள். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. தீர்மானம் எழுதியாகிவிட்டது, பாதிப் பேருக்கு ரயில் இருக்கிறது, இப்போது கலைத்தால் இந்த முப்பத்தோரு பேரை மறுபடி ஒரே கூரையின் கீழ் பார்க்க முடியாது, அடுத்த கூட்டத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்றார். அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அவள் மறுத்துப் பேசவில்லை. ஓட்டுப் போட்டபோது உங்களுக்கு மட்டும் என்ன தெரிந்தது என்று கேட்டாள்.

"எத்தன கையின்னு நீங்க சொன்னீங்க, நான் மைக்குல சொன்னேன்," என்றார். "எங்காளுக எட்டு சங்கம் இருக்கோம். ஒருத்தருக்கும் ஒரு கையும் தெரியாது. உங்க வாய நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன்."

"அப்ப அத நானே கலைக்கிறேன்."

"கலைங்க."

அஜீசுன்னிசா மைக்கைப் பிடித்தாள். மொழிபெயர்ப்பாளரை அனுப்பியது தான்தான், அவர் இல்லாமல் ஓட்டெடுத்தது தப்பு, முதல் வாக்கெடுப்பு செல்லாது என்று சொன்னாள். சலசலப்பு எழுந்தது. ஜெயித்த கோரிக்கை உங்களுடையதுதானே என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றாள்.

நீதிமன்ற வராந்தாவில் இருந்த பாலகணேஷை வீடியோ காலில் பிடித்தார்கள். சாட்சி கூப்பிட இன்னும் அரை மணி ஆகும் என்றார். செங்கொடி போனை உயர்த்திப் பிடிக்க, இரண்டு கோரிக்கைகளும் அந்தச் சின்னத் திரையில் சைகையாயின. இந்தத் தடவை கை தூக்கவில்லை. ஒவ்வொரு சங்கத்தின் பெயரையும் வாசித்தார்கள். அவரவர் எழுந்து உரக்கச் சொன்னார்கள், அல்லது சைகையில் சொல்ல, பாலகணேஷின் குரல் போனிலிருந்து வந்தது. ரயில் பிடிக்க வேண்டியவர்களின் பெயரை முதலில் வாசித்தார்கள்.

பேருந்துக்குப் பதினான்கு, இல்லத்துக்குப் பதின்மூன்று. காது கேளாதோர் சங்கங்கள் நான்கும் எதற்கும் போடவில்லை. விவாதம் முழுக்க எங்களுக்குத் தெரியாது, முடிவை மட்டும் எப்படிச் சொல்வது என்று செங்கொடி கேட்டாள். எதற்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் முழுநேரமும் இல்லாமல் இனி எந்த வாக்கெடுப்பும் இல்லை, பெயர் வாசித்தே எடுக்க வேண்டும் என்ற ஒன்றை மட்டும் நிறைவேற்றிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுவாரம் தண்டையார்பேட்டையில் அவளுடைய சொந்தச் சங்கத்தார் கூடினார்கள். கையிலிருந்த பஸ்ஸை வுட்டுட்டு வந்திருக்கே என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். அவள் நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாள், தன் தப்பையும் சேர்த்து. இரண்டு பேர் விலகிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருவர் பிறகு திரும்பி வந்தார், இன்னொருவர் வரவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் திருச்சியில் கூடினார்கள். கருணாகரன் பயந்தபடி எல்லோரும் நின்றுவிடவில்லை, இரண்டு சங்கங்கள் மட்டும் வரவில்லை. இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் மாறி மாறி நின்றார்கள். ஹில்டா மறுபடி பேசினாள். அவள் முடித்ததும் செங்கொடி எழுந்து, நீங்கள் வெளியே இருக்கும்போது வீட்டில் தீப்பிடித்தால் உங்கள் மகன் என்ன செய்வான் என்று கேட்டாள். தெரியாது என்றாள் ஹில்டா. பெயர் வாசித்து முடிய ஒன்றேகால் மணி நேரம் பிடித்தது. இல்லத்துக்குப் பதினேழு, பேருந்துக்குப் பன்னிரண்டு. அஜீசுன்னிசா பேருந்துக்குத்தான் போட்டாள். முடிவு வந்ததும், மனு எழுதத் தெரிந்தவள் என்பதால், வரைவை அவளிடமே ஒப்படைத்தார்கள்.

ஆறு பக்கம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்கு எடுத்துப்போய் ஹில்டாவிடம் வாசித்துக் காட்டினாள். பக்கத்தில் அவள் மகன் தரையில் உட்கார்ந்து பட்டாணியை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான். இரண்டாம் பக்கத்தில் ஹில்டா நிறுத்தச் சொன்னாள்.

"சொமைன்னு எழுதிக்கீறியே, அத எடுத்துடுக்கா. எம்புள்ள சொமை இல்ல. நான் தொழிலுக்குப் போம்போது அவனுக்கு ஒரு எடம் வோணும், அவ்ளோதான்."

அஜீசுன்னிசா அந்தச் சொல்லை அடித்தாள். மீதிப் பக்கங்களையும் புரட்டிப் பார்த்தாள். இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. அவற்றையும் அடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினாள்.