ஒரு எண்ணுக்கு ஒரு குடும்பம்

மார்ச் முதல் தேதி காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் உள்ள மருத்துவக் காப்பீட்டு உதவி மையத்தின் கணினித் திரையில் புதிய விதி ஒன்று வந்தது. இனி ஒரு கைபேசி எண்ணில் ஒரு குடும்பம் மட்டுமே இருக்கலாம். அதே எண்ணில் வேறொரு குடும்பத்தை உறுதி செய்தால், முன்பிருந்த பதிவுகள் தாமாக நீங்கிவிடும்.

மையத்தில் ஊழியர் ஒரே ஒருத்திதான். அங்கே வரும் வயதானவர்களில் பாதிப் பேரிடம் கைபேசி கிடையாது. காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டுமானால் கைபேசிக்கு ரகசிய எண் ஒன்று வந்தாக வேண்டும். இல்லாதவர்களுக்கு அவள் தன் எண்ணையே கொடுத்துவிடுவாள். அதனால் அவளுக்கு 'நம்பரம்மா' என்றே பெயர். அது முறையல்ல என்று அவளுக்கும் தெரியும், தலைமை அலுவலகத்துக்கும் தெரியும். வேலை நடந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை.

புதிய விதியை அவள் படித்தாள். புதிதாகச் சேருகிறவர்களுக்குத்தான் என்று எடுத்துக்கொண்டாள். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அன்று மதியமே, துணி தேய்க்கும் விதவை ஒருத்தியின் அட்டையை வழக்கம்போலத் தன் எண்ணில் புதுப்பித்துக் கொடுத்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் மனைவியோடு வந்தார். எதைச் சொன்னாலும் 'ரைட்' என்று முடிப்பவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரம் இரு முறை மருத்துவமனையில் ரத்தம் சுத்திகரித்துக்கொள்பவர்.

"நம்பரம்மா, இன்னைக்கு ஆஸ்பத்திரியில டிக்கெட் செல்லாதுன்னு எறக்கி விட்டுட்டாங்க."

"என்னய்யா ஆச்சு?"

"சிஸ்டர் கார்டைப் பார்த்துட்டு, 'பெரியவரே, இது செத்துப்போச்சு'ன்னுது. 'நானே இன்னும் போகல, கார்டு ஏன்மா முந்திக்கிச்சு'ன்னு கேட்டேன்."

"வாயைப் பாரு," என்றாள் மனைவி. "காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. வாய் மட்டும் அப்படியே இருக்கு."

நம்பரம்மா அவருடைய பதிவைத் திறந்தாள். நீக்கப்பட்டிருந்தது. தேதி, மார்ச் ஒன்று. தன் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். அதில் துணி தேய்ப்பவள் மட்டும் இருந்தாள். மற்ற எல்லோரும் போயிருந்தார்கள்.

"போன வாரம் பேத்தியோட போன்ல ஏதோ கேட்டுச்சு. 'சரி'ன்னு அமுக்கிட்டேன்," என்றார் அவர் தயங்கியபடி. "அதனால இருக்குமோ?"

"இருக்கலாம்யா," என்றாள்.

"கேட்டியா?" மனைவி பிடித்துக்கொண்டாள். "பட்டனைக் கண்டா கை நிக்காது! பஸ்ல பெல்லு அடிச்சே பழகிப்போச்சு இந்த மனுசனுக்கு. இப்ப யாரு அனுபவிக்கிறது?"

பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். நம்பரம்மா தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்தாள். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"தப்பு யாருது? பயனாளி தப்புன்னா அடுத்த மாசம் பதிவு திறக்கும்போதுதான் சேர முடியும். மையத்து தப்புன்னா இன்னைக்கே சரி பண்ணிடலாம். ஆனா பதிஞ்ச ஊழியரோட அனுமதி ரத்தாகும்."

மையம் மூடினால் வரிசையில் நிற்பவர்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துத்தான் பதில் சொன்னதாக அவள் பிற்பாடு தனக்குத் தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். உண்மையில் முதலில் நினைவுக்கு வந்தது அவளுடைய சம்பளம்.

"பயனாளி தப்புதான் சார்." போனை வைத்துவிட்டு, அடுத்த மாதம்தான் சேர முடியும் என்று பெரியவரிடம் சொன்னாள்.

"ரைட்," என்று எழுந்தார் பெரியவர். "நீ என்னம்மா பண்ணுவ, பாவம்." போகும்போது அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்தக் கும்பிடு கண்ணுக்குள்ளேயே நின்றது. "உடம்புக்கு என்ன?" என்று கணவன் கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். திங்கட்கிழமை மதியம் மையத்தைப் பூட்டிவிட்டு, சைக்கிள் கடைக்கு மேலே இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனாள்.

ஒற்றை அறை. பெரியவர் மூன்று தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. மனைவி தண்ணீரைப் பாட்டில் மூடியில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு மூடி."

"ஒண்ணுதான்னு டாக்டர் சொல்லியிருக்காரு. கண்டக்டர்னா ஓசியா?"

அவர் நம்பரம்மாவைப் பார்த்துச் சிரிக்க முயன்றார். "வாம்மா. இனிமே பேத்தி போனைத் தொடவே மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன். எல்லாம் இந்தக் கை பண்ண வேலை."

அவள் உட்காரவில்லை.

"ஐயா, நீங்க எதையும் அமுக்கல. என் நம்பர்ல இன்னொருத்தரைப் போட்டேன். அதுல உங்க பேரு போயிடுச்சு."

மனைவி பாட்டிலைக் கீழே வைத்தாள். "எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேவா? நான் இவரைத் திட்டும்போது பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுதானே இருந்த?"

"ஆமாம்மா, கேட்டேன்."

"அவளை விடுடி," என்றார் பெரியவர். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கியது. "நாப்பது வருசமா திட்டுற. ஒண்ணாவது... நான் பண்ணலைன்னு ஆச்சே." பிறகு நம்பரம்மாவிடம் திரும்பினார். இம்முறை சிரிக்கவில்லை. "போன் பண்ணும்மா. முடியல."

அவள் மாடிப்படியில் நின்று பேசினாள்.

"சார், அந்தக் கண்டக்டர் கேஸு. அது மையத்து தப்பு. என் தப்பு. அவர் மட்டும் இல்ல, என் நம்பர்ல இருந்த எல்லாரும் போயிருக்காங்க."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

"எழுதுங்க சார்."

சாயங்காலம் அட்டை மறுபடியும் செல்லுபடியாயிற்று. அதற்குள் பெரியவரை அக்கம்பக்கத்தார் மருத்துவமனைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து ரத்தத்தைச் சுத்திகரித்தார்கள். வார இறுதியில் அவர் வீடு திரும்பினார். நம்பரம்மா பார்க்கப் போனபோது மனைவி கதவை முழுதாகத் திறக்கவில்லை. "தூங்குறாரு," என்றாள்.

மற்றவர்களின் பதிவுகளும் அந்த வாரமே சரிசெய்யப்பட்டன. நம்பரம்மாவின் அனுமதி ரத்தானது. அந்த மையத்துக்கு வேறு ஆள் போடவில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டியவர்கள் இப்போது இரண்டு பேருந்து மாறி அடுத்த மையத்துக்குப் போகிறார்கள்.